டாக்டர் கேட்காத கேள்வி

எண்ணூர் பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு மீன்காரப் பெண்கள். ஒருத்தியின் மகனையும் இன்னொருத்தியின் மகளையும் மனநோய் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

"என் புள்ளைக்கு கஞ்சாலதான் புத்தி கலங்கிச்சாம். உன் பொண்ணுக்கு இன்னா சொன்னாரு டாக்டரு?"

"கல்யாணம் ஆவாத ஏக்கமாம், யக்கா."

"கஞ்சா அடிக்குமான்னு கேட்டாரா?"

"பொம்பள புள்ளைய யாரு அப்டி கேப்பாங்க?"

மகளின் அம்மாவே மேலும் சொன்னாள்:

"அவ நைனாவுக்கு வலை பின்னசொல்ல கை ஒழியாது. கஞ்சா சிலும்பிய இவதான் பத்த வெப்பா. ரெண்டு இழுப்பு இஸ்து, நெருப்பு நல்லா புடிச்சப்புறம் குடுப்பா. தெனமும்."

"அத்த டாக்டராண்ட சொன்னியா?"

"அவரு கேக்கலியே."

திருவொற்றியூர் தேரடியில் பஸ் நின்றது. மகளின் அம்மா மட்டும் இறங்கினாள். ரோட்டைத் தாண்டிப் போய், ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றாள்.