வாடைக்கு அடைத்த கதவு

போன்சாய் என்கிற குட்டை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதில் அவசரம் கூடாது. மேல்மண்ணில் விரல் வைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். குளிர்காலத்தில் அது தூங்குகிறது. உரம் போடக் கூடாது, கிளையை வெட்டக் கூடாது, வெக்கையான அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கவனமில்லாத ஆள் என்று நேற்று விசாரணையில் என்னைப் பற்றி எழுதிக்கொண்டீர்கள். அது சரியில்லை ஐயா.

விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். அப்பா கிணறு வெட்டினவர். நான் பன்னிரண்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவன். முதலாளி அழகுராஜா இருபத்தாறு வருஷமாக என்னை ‘ஏலே’ என்றுதான் கூப்பிட்டார். கார்த்திகையில் அவர் மகள் ஊட்டியிலிருந்து அந்த மரத்தை வாங்கி வந்தது. ஒரு முழம்கூட இல்லை. கண்ணாடிக் கொட்டகைக்குள்ளேயே வளர்ந்த மூன்று வயது மரம். வெளியில் அதற்கு இதுதான் முதல் குளிர்காலம். முதலாளி வீட்டில் அறைக்கு அறை ஏசி, அந்தக் காற்று மரத்தைக் காய வைத்துவிடும். அதனால் என்னைக் கூப்பிட்டார்.

“தனுஷ்கோடி, பொங்கலுக்குப் பாப்பா வந்து பாக்கும். ஒன்னைய நம்பித்தான் தாரேன்” என்றார்.

பெயர் சொன்னார். மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதல்தடவையாக அவர் வீட்டு முன்வாசல் வழியாக இறங்கினேன்.

நம் ஊரில் என்ன குளிர் என்று நீங்களும் சிரிக்கலாம். கம்பெனியே சிரித்தது. ஆனால் மார்கழி வாடை நம் உதட்டையே வெடிக்க வைக்கிறது. காற்றே படாமல் வளர்ந்த இலைக்கு எப்படி இருக்கும். பாப்பா எழுதிக்கொடுத்த தாளிலும் அதுதான் இருந்தது. வெளிச்சம் வேண்டும், குளிர்ச்சி வேண்டும், காய வைக்கிற காற்று ஆகாது.

என் வீடு தகரக் கூரை. மத்தியானம் வெந்துபோகும். கம்பெனியில் கடைசி ரூம், பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற ரூம், அதன் தெற்கு வாசற்படியில் காலையிலிருந்து இளவெயில் விழும். அங்கே வைத்தேன். அந்த ரூமுக்கு நேர் வடக்கிலும் ஒரு கதவு உண்டு. ஒரு பக்கம் தீ பிடித்தால் மறு பக்கம் ஓடுவதற்கு. காலையில் போர்மேன் இரண்டு கதவையும் விரியத் திறந்து, செங்கல் முட்டுக் கொடுத்த பிறகுதான் ஆள் உள்ளே உட்கார வேண்டும். நான் அதை ஒருநாளும் தப்பவிட்டதில்லை.

ஐந்தாம் நாள் நுனி இலை பழுத்தது. வடக்கு வாசலில் நுழைகிற வாடை ரூமுக்குள் ஓடி நேராக மரத்தில் அடித்தது. வடக்குக் கதவைச் சாத்தினேன். முட்டுக் கல் சும்மா கிடந்தது. எடுத்து மரம் இருந்த தட்டுக்கு அடியில் வைத்தேன். தண்ணீர் வடியத் தோதாக இருந்தது.

மரத்தை இரண்டடி தள்ளி வைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். தள்ளினால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும். வேறு காரணம் கிடையாது.

உள்ளே இரண்டு பேர். பாண்டிச்செல்வி, பஞ்சம்மாள். பாண்டிச்செல்விக்குப் புழுக்கம் ஆகாது. சாத்தின கதவைத் தள்ளித் திறந்துவிடுவாள்.

“மரத்துக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போடுங்கண்ணே. இங்கன நாங்க வெந்து சாகுதோம்” என்றாள். பஞ்சம்மாள் மருந்துக் கையோடு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மூன்று தடவை திறந்தாள். நான் சத்தம் போடவில்லை. வெளிப்பக்கம் கொண்டியை மாட்டிவிட்டேன்.

பதினாறு நாள் அப்படியே போயிற்று. மரம் தேறியது.

அன்றைக்குப் பதினோரு மணி. பஞ்சம்மாள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். நான் படியில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்கு வாசலை ஒட்டிக் கிடந்த மருந்து எதில் உரசியதோ, உஸ்ஸென்று பிடித்தது. பாண்டிச்செல்வி என்னைப் பார்த்தாள். எங்களுக்கு நடுவில் தீ. அவள் வடக்கே ஓடினாள். முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்தபடிதான் ஓடினாள்.

பிறகு கதவைத் தட்டினாள். மருந்து ரூமுக்குள் வளையல் போடக் கூடாது. அதனால் உள்ளங்கைச் சத்தம் மட்டும்.

“அண்ணே, கொண்டி மாட்டிக் கெடக்கு. தெறந்து விடுங்க” என்றாள்.

கத்தவில்லை. திறந்துவிடுவேன் என்று நம்பின குரல் அது.

சுவரைச் சுற்றி வடக்குக் கதவுக்குப் பதினைந்து எட்டு வைக்க வேண்டும். வெளியே நிற்கிற வேப்பமரத்துக்கு நாற்பது எட்டு. பிறகு ஒருநாள் நடந்து எண்ணிப் பார்த்தேன். என் இரண்டு கையிலும் மரம் இருந்தது. வேப்பமரத்தடியில் அதைச் சாயாமல் வைத்துவிட்டுத் திரும்பினேன். நான் போகும்போது தட்டினாள். திரும்பும்போது தட்டவில்லை.

கொண்டியை நான்தான் எடுத்தேன். பக்கத்து ரூம் செங்கலைக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்ததும் நான்தான். தீயணைப்பு வண்டி வருவதற்குள் முடித்துவிட்டேன். கதவு மாட்டிக் கிடந்தது என்று பஞ்சம்மாள் சொன்னபோது, பயத்தில் உளறுகிறாள் என்றேன். ஆனால் தீ வடக்குக் கதவு வரை வரவில்லை, புகைதான் வந்திருக்கிறது. கதவின் உள்பக்கம் மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி படிந்த கை அச்சு, ஒன்றின் மேல் ஒன்றாக. திறந்து கிடக்கிற கதவை யாரும் அத்தனை தடவை தட்டமாட்டார்கள். அதைப் பார்த்துத்தானே என்னைக் கூப்பிட்டீர்கள்.

பொங்கலுக்கு யாரும் மரத்தைக் கேட்டு வரவில்லை. கம்பெனிக்குச் சீல் வைத்தாயிற்று, முதலாளி ஊரில் இல்லை. மரம் என் வீட்டில் இருக்கிறது. வெந்துபோகாமல் மத்தியானம் கூரையில் தண்ணீர் தெளிக்கிறேன். தினமும் காலையில் அதன் இலையில் அதே வெள்ளிப் பொடி படிந்திருக்கிறது. ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைக்கிறேன். மறுநாள் மறுபடி இருக்கிறது. அது கிடக்கட்டும். போன வாரம் துளிர் விட்டது. அதற்கு ஒரு குறையும் நான் வைக்கவில்லை.

கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டேன். நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். என் வீட்டிலும் வடக்கே ஒரு கதவு உண்டு. என் பெண்சாதி முருகம்மாள் பட்டப்பகலில் ஓடிப்போய் அதைத் திறந்து போடுகிறாள். யாரோ உள்ளங்கையால் தட்டுகிறார்களாம். வாடை ஓய இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அதுவரை யார் தட்டினாலும் திறக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள் ஐயா.