மூன்றரை மணிக் கூட்டம்

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதல் இருபது நிமிடம் யாரோடும் பேசக் கூடாது. மின்னஞ்சலை மட்டும் பார்க்க வேண்டும். அவசரம் எது, ஆறப்போடக்கூடியது எது என்று அப்போதே பிரித்துவிட்டால் மீதி நாள் தானாக ஓடும். பதினோரு வருடம் மேடத்துக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

எங்களுடையது தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனி. மேடம் கொள்முதல் பிரிவின் தலைவர். அவருடைய கடிதங்கள், சந்திப்புகள், தொலைபேசி எண்கள் எல்லாம் என் பொறுப்பு. எனக்கு டைரிம்மா என்று பெயர் வைத்தவரும் அவர்தான். "டைரிம்மா இல்லன்னா நான் எங்க இருக்கேன்னே எனக்குத் தெரியாது" என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

போன வருடம் அவரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மின்னஞ்சலையும் நாள்காட்டியையும் நாமே எப்படிக் கட்டி மேய்ப்பது என்று அதில் சொல்லிக் கொடுத்தார்களாம். திரும்பி வந்த ஒரே வாரத்தில் தேறிவிட்டார். கூட்டத்துக்கு நீலம், பயணத்துக்கு மஞ்சள், வீட்டு வேலைக்குப் பச்சை. மாலை ஐந்தரைக்கு அவர் பெட்டியில் படிக்காத கடிதம் ஒன்றுகூட இருக்காது.

"இனிமே நானே பாத்துக்கறேன் டைரிம்மா. உங்களுக்கும் பாரம் குறையும்ல?"

"சரிங்க மேடம்" என்றேன்.

நல்ல மனதோடுதான் சொன்னார். அதன் பிறகு என் மேசைத் தொலைபேசி அடிப்பது நின்றது. ஒன்பது மணிக்கு வந்து ஐந்தரை வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். வீட்டிலும் எனக்குப் பேச ஆள் கிடையாது.

அவருடைய கணக்கைத் திறக்கும் அனுமதியை என்னிடமிருந்து எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக் கூட்டம் ஒன்றை அவர் நாள்காட்டியில் மூன்றரைக்கு நகர்த்தி வைத்தேன். கோபத்தில் செய்யவில்லை. மூன்றரைக்குப் போனவர் வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"மூணு மணின்னுதானே நான் போட்டேன்?"

"மூணரைன்னுதான் சொன்னீங்க மேடம்."

நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார்.

அது எனக்குத் தெரியும். அவருடைய அம்மா கடைசி மூன்று வருடம் பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் கிடந்தவர். அந்த மருத்துவமனைத் தேதிகளையெல்லாம் குறித்து வைத்தது நான்தான்.

பிறகு ஒரு தொலைபேசி எண்ணில் இரண்டு இலக்கங்களை மாற்றினேன். அனுப்பிய பதில் ஒன்றை அனுப்பாதது போல வரைவுக்கு நகர்த்தினேன். படித்த கடிதங்கள் சிலவற்றை அழித்தேன். அவர் ஒரு காகித நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தார். நோட்டில் ஒன்று இருக்கும், திரையில் ஒன்று இருக்கும். "மெஷின் பொய் சொல்லுமா டைரிம்மா? என் கைதான் தப்பா எழுதுது" என்று நோட்டைக் கிழித்துப் போட்டார்.

மூன்றாவது மாதம் எல்லாவற்றையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். குணமாகிவிட்டால் மறுபடி வாங்கிக்கொள்வார். அதனால் நிறுத்தவில்லை; வாரத்துக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டேன்.

முதல் டாக்டர் ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வெறும் பயம்தான் என்றார். இரண்டாவது டாக்டர், கூட வேலை செய்பவர் யாராவது மறதிகளைத் தேதிவாரியாக எழுதித் தரட்டும் என்றார். நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் இருந்த தேதி, நேரம் எதுவும் தவறில்லை. அதைப் பார்த்துத்தான் மாத்திரை எழுதினார். மாத்திரை அவரை மந்தமாக்கியது. அதற்குப் பிறகு சிலவற்றை அவர் உண்மையாகவே மறந்தார்.

காரை விற்றார். இரண்டு வயதுப் பேத்தியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போவதில்லை. "எங்கயாவது விட்டுட்டு வந்துட்டா?" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டார். ஞாபகம் தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றை அவரே தேடிக் கண்டுபிடித்து, சேரும் நாளைக் குறித்து வைக்கச் சொன்னார். குறித்தேன். அந்தத் தேதியை நான் மாற்றவில்லை.

அவருடைய கணக்கை மூடும்போது கணினிப் பிரிவினர் பழைய பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். இருநூற்றுப் பதினான்கு மாற்றங்கள், எல்லாம் என் பெயரில். இருநூறுக்குள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மேடத்தின் மகள் அந்தப் பதிவுகளை அச்செடுத்த தாள்களை இல்லத்துக்கு எடுத்துக்கொண்டு போய், "உனக்கு ஒண்ணுமே இல்லம்மா, எல்லாம் அந்தப் பொம்பள பண்ணினது" என்று அழுதிருக்கிறாள். மேடம் நம்பவில்லை. "டைரிம்மாவ எதுவும் சொல்லாத. அவங்க இல்லன்னா நான் என்னைக்கோ தொலைஞ்சு போயிருப்பேன்" என்றாராம்.

விஷயம் வெளியே வந்த பிறகும் ஏன் அங்கே போனாய் என்று கேட்டீர்கள். போன வெள்ளிக்கிழமை போனேன். மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். கண்ணில் பழைய தெளிவு கொஞ்சம் வந்திருந்தது. என்னைப் பார்த்ததும், பாடம் ஒப்பிப்பது போல, "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. சரிதானே?" என்றார்.

"வியாழன் மேடம்" என்றேன்.

"வியாழன், வியாழன்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. என்ன கிழமை என்று சொல்லக்கூட ஆள் இல்லாத இடத்தில் அவரை எப்படித் தனியாக விட்டுவிட்டு வருவது, சொல்லுங்கள்.