மாநிலமே கேட்ட பெண்

2005இல் ஒரு காலை, பாண்டிச்சேரி பஸ்ஸில் மரக்காணத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். உப்பளத்தில் ஒன்றாக வேலை செய்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. பஸ் கிளம்பியதும் மூத்தவர் சொன்னார்:

“எம்பொண்ண ஒரு மாநிலமே வேணும்னு கேட்டிருக்குது.”

“இன்னாக்கா சொல்ற? மாப்ள வூட்லதான கேப்பாங்க?”

“கல்யாணம் இல்லடி. கனடாவுல ஒரு மாநிலம். அங்க ஆளுங்க கம்மியாம். நர்ஸ் வேலைக்கு எங்க செல்விதான் வேணும்னு அந்த மாநிலமே எழுதிக் குடுத்துச்சு. அத வெச்சு நேத்து விசா வந்துடுச்சு. போய் எறங்குனா அங்கயே நிரந்தரமா இருக்கலாமாம். ரொம்பக் குளிருமாம், அதான் ஸ்வெட்டர் வாங்கப் போறேன்.”

“விசா ஃபாரத்துல அம்மா என்ன வேலைன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்களே. டைப் அடிக்கிறவரு, ஹவுஸ் ஒய்ஃபுன்னு போட்டுக்கலாம்மான்னாரு. செல்வி ஒத்துக்கல. ‘எங்கம்மா உப்பு வாரிதான் என்னைப் படிக்க வெச்சாங்க, அப்படியே அடிங்க’ன்னுட்டா.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

இளையவள் கேட்டாள். “நிரந்தரம்னா, இனிமே இங்க வரவே மாட்டாளாக்கா?”

“வருவா, போவா. ஆனா, மழை வந்தா ‘வேலை இல்ல, கெளம்பு’ன்னு வருஷா வருஷம் உப்பளத்துல என்னைப் பாத்துச் சொல்றாங்க இல்ல? எம்பொண்ணப் பாத்து அங்க யாரும் கெளம்புன்னு சொல்ல முடியாதுடி.”