கலெர்வோவின் பாறை

— திரும்ப மாட்டேன். கரையோரம் கண்ணாடி மாதிரி பனி கட்டியாச்சு. இன்னும் ரெண்டு ராத்திரி போனா ஏரி மொத்தமா மூடிக்கும். அப்புறம் மே மாசம் வரைக்கும் இதை நெஞ்சுல வச்சுக்கிட்டு நான் புரளணுமா? துடுப்பை வலி நீ.

— வலிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கேன். காத்து கடிக்குது, கால்மேல கம்பளியப் போட்டுக்குங்கன்னுதான் சொன்னேன்.

— ஒங்க கொர்பெலா வீட்டுக் கம்பளி எனக்கு வேண்டாம்.

— அது சர்ச்சுல குடுத்தது.

— அப்ப குடு.

— இந்தாங்க.

— கேட்டுக்கோ வில்யோ. ஊர்ல எல்லாரும் படகைக் கவுத்துப் போட்டாச்சு. தண்ணியில மிதக்குறது ஒன் படகு ஒண்ணுதான். இல்லேன்னா, எங்க அப்பா வலையை அறுத்தவன் பெத்த புள்ள படகுல இந்த நீமெலா வீட்டு ஹில்மா காலை வைப்பாளா?

— வலையை அறுத்தது பனிக்கட்டின்னு எங்க அப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு.

— பனிக்கட்டி இடுப்புல கத்தி சொருகிக்கிட்டு வந்துச்சா? மூணு வலையும் நூல் புடிச்ச மாதிரி அறுந்து கெடந்துச்சு.

— இருக்கட்டும்மா.

— இருக்கட்டும், இருக்கட்டும். ஒனக்கு வேற வார்த்தையே தெரியாதா? காலையில ஒன் கதவைத் தட்டுனப்போ நீ மூஞ்சியில அடிச்சுச் சாத்துவன்னு நெனச்சேன். நீ என்னடான்னா, வாங்க, படகு தயாரா இருக்குங்குற. யாருக்காகத் தயாரா வச்சிருந்த?

— ஞாயித்துக்கிழமையில்லையா. பழக்கந்தான்.

— ஞாயித்துக்கிழமை. அந்தப் பேரைக் கேட்டாலே இப்பல்லாம் வயிறு எரியுது. ஊரே பேசுதே, ஒனக்கு மட்டும் கேக்கலையா?

— நான் கடைப்பக்கம் அதிகம் போறதில்ல.

— என் புருசன் கலெர்வோவைப் பொதைச்சுட்டு வந்து சர்ச் கூடத்துல காப்பி குடிச்சுக்கிட்டிருக்கோம். அந்தக் கடைக்காரி கையில கேக்குத் துண்டோட வந்து என் காதுல குனியிறா. ஒங்க வீட்டுக்காரரு படகு ஞாயிறு தவறாம லெம்பி வீட்டுக் கரையில, மரத்துல கட்டிக் கெடக்குமே, விடிஞ்சதுலேர்ந்து மத்தியானம் வரைக்கும் ஆளில்லாம கெடக்குமேங்குறா. ஆறுதல் சொல்ல வந்தவ பேச்சு அது.

— லெம்பி தங்கமான பொம்பளம்மா.

— தங்கத்தை எந்த ஆம்பள வேண்டாம்பான்?

— நான் அந்த அர்த்தத்துல சொல்லல.

— பத்தொம்பது வருசம் வில்யோ. ஐஸ் ஒடைஞ்ச நாள்லேர்ந்து ஏரி மூடுற நாள் வரைக்கும், ஞாயிறு விடிஞ்சா துடுப்பைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடுவாரு. மத்தியானம் கூடை நெறைய பெர்ச்சு மீனோட வந்து நிப்பாரு. எங்க புடிச்சீங்கன்னு கேட்டா, தண்ணியிலம்பாரு.

— மீன் இருக்குற எடத்தை யாருதான் சொல்லுவா? பொண்டாட்டிகிட்டச் சொன்னா கடைக்குப் போயிடும். கடைக்குப் போச்சுன்னா மறுநாள் அங்க பத்துப் படகு நிக்கும்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆம்பளைங்க ரகசியம், போகட்டும்னு சிரிச்சுக்கிட்டேன். இப்ப அந்தச் சிரிப்பு தொண்டையில முள்ளா நிக்குது. சாகுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, குவோப்பியோ ஆஸ்பத்திரியில, நான் கேக்காமலே சொன்னாரு. சர்ச் கோபுரம் ஆட்டுத்தீவு முனை மேல நிக்கணும், அந்தப் பக்கம் கவட்டைப் பைன் மரம் ஆலைப் புகைபோக்கியை மறைக்கணும், ரெண்டும் ஒத்து வர்ற எடத்துல நங்கூரக் கல்லைப் போடு ஹில்மா, எட்டுப் பாகம் ஆழம், எட்டு ஆள் முங்கும்னாரு.

— அவரு வாயாலயா சொன்னாரு?

— பின்ன காலாலயா சொல்லுவாரு? ஏன், ஒனக்கு என்ன ஆச்சு?

— ஒண்ணுமில்ல. கண்ணுல காத்து அடிக்குது.

— அந்த எடத்துல பாறை இருந்து, அதுல பெர்ச்சும் இருந்தா, கடைக்காரி பொய்க்காரி. வெறும் சேறுன்னு வையி, அந்த மனுசன் எவகிட்டயோ இருந்துட்டு, எவன்கிட்டயோ மீனை வாங்கிக்கிட்டு வந்து என் தலையில கட்டியிருக்காரு. கல்லறைக் கல்லுல அவரு பேருக்குக் கீழ என் பேருக்கு எடம் விட்டு வச்சிருக்கேன். அங்க போய்ப் படுக்குறதா வேண்டாமான்னு எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்.

— தெரிஞ்சுக்கலாம்மா.

— என்னத்தத் தெரிஞ்சுக்குறது, மூடுபனி எறங்குது பாரு. கோபுரம் போச்சு. தீவும் போச்சு. ஒன் மூஞ்சியே எனக்குப் பாதிதான் தெரியுது.

— எழுந்திருக்காதீங்க, படகு சாயுது.

— திரும்பிடலாம்னு மட்டும் சொல்லிடாத.

— சொல்லல. கொஞ்சம் பேசாம இருங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்.

— எதை எண்ணுற?

— இருக்கட்டும்மா.

— சரி, எண்ணு.

— காலை ஒதுக்கிக்குங்க. கல்லை எறக்குறேன், கயிறு ஓடும்.

— இங்கயா? ஒரு மரம் கூடத் தெரியல, இங்கதான்னு எப்படிச் சொல்லுற?

— போட்டுப் பாத்துடலாம். இந்தாங்க தங்கூசி நூல். நுனியில இருக்குற தூண்டில் தகடு அடியைத் தொடுற வரைக்கும் விடுங்க. கையுறையக் கழட்டிருங்க, அதோட புடிச்சா ஒண்ணும் தெரியாது. வெரலாலதான் கேக்கணும்.

— வெரலு வெறகுக் குச்சியாப் போச்சு. ஆறு பாகம். ஏழு. எட்டு. நின்னுருச்சு.

— லேசாத் தூக்கி லேசா வைங்க. சேறுன்னா உள்ள வாங்கிக்கும். பாறைன்னா தட்டும்.

— இரு.

— அவசரமில்ல.

— தட்டுது. வில்யோ, தட்டுது.

— ஒரு சாண் தூக்கி அப்படியே நிறுத்துங்க.

— நிறுத்திட்டேன். மீனு எங்க?

— குளிருக்குப் பெர்ச்சும் சோம்பேறிதாம்மா. கூட்டமா அண்டிக்கிட்டுக் கெடக்கும், வாயைத் தொறக்கவே யோசிக்கும். ஒண்ணு கடிச்சிட்டா மத்ததுக்கெல்லாம் பொறாமை வந்துரும்.

— நம்ம ஊரு மாதிரி.

— நம்ம ஊரு மாதிரிதான்.

— ஒண்ணும் இல்ல. பாறை இருந்தா மட்டும் ஆச்சா? இந்த ஏரிக்கடியில எங்க தொட்டாலும் பாறைதான். எனக்கு மீனு வேணும்.

— ஒங்க வெரலு நீலமாயிருச்சு. கொஞ்ச நேரம் என்கிட்டக் குடுத்துட்டுக் கையுறையப் போடுங்க.

— தர மாட்டேன். நீ புடிச்சா அது ஒன் மீனு. என் கையில வரணும். வெரலு உதுந்தாலும் சரி, நான் இந்தப் பலகையை விட்டு அசைய மாட்டேன்.

— அப்பச் சூடாக் காப்பியாவது குடிங்க. மூடியில ஊத்தித் தர்றேன்.

— வேண்டாம். பேசாத. என்னமோ உரசுது.

— உரசட்டும்.

— இழுக்குது. இழுக்குது பாரு.

— தளர விடாதீங்க. கைக்குக் கை மாத்தி வாங்குங்க. இன்னும், இன்னும். உள்ள தூக்குங்க. முதுகுல முள்ளு இருக்கு, தலையிலேர்ந்து வாலுப் பக்கமாத் தடவிப் புடிங்க, படுத்துக்கும்.

— குத்திருச்சு. குத்தட்டும், ராசா, நல்லாக் குத்து. எவ்வளவு கனம் பாரு. இந்த வரியப் பாரு, காட்டுச் செம்பழம் மாதிரி செட்டையப் பாரு. இதே கறுத்த முதுகுதான் வில்யோ. கரையில கெடைக்கிற பெர்ச்சு வெளுத்திருக்கும். அவரு கொண்டாந்தது பூரா இதே கறுப்பு. பத்தொம்பது வருசம் செதிலு ஒரசுனவ நான், எனக்குத் தெரியாதா?

— கண்ணைத் தொடைச்சுக்கிட்டு உடனே எறக்குங்க. கூட்டம் கலைஞ்சிரும்.

— எறக்கிட்டேன். ஆத்தாடி, உடனே கடிக்குது.

— சொன்னேனில்ல, பொறாமைன்னு.

— மூணு. இந்தா, இது நாலாவது. இந்தக் கூடையை அப்படியே கொண்டுபோய்க் கடைக்காரி மேசையில வைப்பேன். அவளை வாயை மூடிக்கிட்டு மோந்து பாக்கச் சொல்லுவேன். அப்புறம் லெம்பி வீட்டுக்கும் போய் ரெண்டு மீனு குடுப்பேன், பாவம், மூணு மாசமா அவளை ரோட்டுல பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஏன்யா, நீ ஏன் உம்முன்னு இருக்க? மீனு வந்தா சிரிக்கக் கூடாதுன்னு கொர்பெலா வீட்டுல சட்டமா?

— சிரிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கேன். எனக்கு வெளிய தெரியாது.

— இரு. மீனு இங்க இருக்கு. அவரு இங்கதான் புடிச்சிருக்காரு. அப்பப் படகு எதுக்கு லெம்பி கரையில நிக்கணும்?

— தூண்டில் ஆடுது, பாருங்க.

— ஆடட்டும். கோபுரமும் தெரியாம, மரமும் தெரியாம, ஒரு முழம் தப்பாம பாறை மேல எப்படிக் கல்லைப் போட்ட?

— லெம்பி கரை தாண்டுனதுலேர்ந்து நானூத்திப் பத்துத் துடுப்பு வலி. காத்து எந்தக் கன்னத்துல படுதுன்னு பாத்துக்கணும். கண்ணை மூடிக்கிட்டும் வந்துருவேன். இது எங்க தாத்தா கண்டுபுடிச்ச பாறைம்மா.

— கொர்பெலா பாறையா?

— ஆமா.

— அப்ப என் புருசன் ஒங்க பாறையில திருடுனாரா?

— திருடல. ஒரு ஞாயிறு அவரு துடுப்பு ஒடைஞ்சு காத்துல அலைஞ்சுக்கிட்டிருந்தாரு. பக்கத்துல போய் நிறுத்துனேன், ஏறிக்கிட்டாரு. அடுத்த ஞாயிறு துடுப்பு நல்லாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் வந்தாரு. லெம்பி கரையில அவரு படகைக் கட்டிட்டு என் படகுக்கு மாறிக்குவாரு. ஒங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து அந்தக் கரை தெரியாது.

— பொய். வீட்டோட மாப்பிள்ளையா எங்க வாசல்ல காலை வச்ச அன்னைக்கே எங்க அப்பா அவரு கையை பைபிள் மேல வைக்கச் சொன்னாரு. கொர்பெலா ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணுனாரு. பக்கத்துல நின்னு கேட்டவ நான். அந்த மனுசன் அடுப்புக் கதவைக் கூடச் சரியா மூடத் தெரியாதவரு, ஆனா குடுத்த வாக்குல தப்ப மாட்டாரு.

— தப்பல.

— வாரா வாரம் ஒன் படகுல வந்து குந்திக்கிட்டாரு, தப்பலையா?

— நீங்க ஒக்காந்திருக்குற அதே பலகையிலதான் குந்துவாரு. காப்பியில எனக்குப் பாதி ஊத்துவாரு, பெரிய மீனு வந்தாத் தலையாட்டுவாரு, கெளம்புறப்போ தொப்பியத் தொடுவாரு. பத்தொம்பது வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல, ஹில்மாம்மா.