தலையணைக்குக் கீழே பருத்தித்துறை வடை

"...கூடாரத்துக்குள்ளை சாப்பாடு வைக்கக்கூடாதெண்டு போன அண்டைக்கே சொன்னவங்கள். நான்தான் பருத்தித்துறை வடையைத் தலையணைக்குக் கீழை ஒளிச்சு வைச்சனான்."

லண்டன் இல்ஃபோர்டில் நான் ஏறிய பஸ்ஸில், முன் இருக்கை அக்கா கென்யாவுக்கு சஃபாரி போய்வந்த கதையைத் தோழிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிறகு?"

"குரங்குகள் வந்து கூடாரத்தைக் கிழிச்சுப்போட்டுதுகள். வாசலைச் சரியாப் பூட்டேல்லையெண்டு, கூடாரம் கூட்டுற மனுசனுக்குத்தான் ஏச்சு. மாதம் முடிய வேலையாலை நிப்பாட்டப் போறாங்களாம்."

"நீ வாய் திறக்கேல்லையோ?"

"இவர் பக்கத்திலை நிண்டவர். 'சிங்கம் பாக்க வடையோடை வந்தவள்' எண்டு சாகுமட்டும் நக்கலடிப்பாரடி."

"வடைக்கு வெக்கப்பட்டு ஒரு வீட்டின்ரை அடுப்பையெல்லோ அணைச்சுப்போட்டாய்."

அக்கா கைப்பையைத் துழாவி, அந்தச் சஃபாரி முகாமின் முகவரி அட்டையை எடுத்து, நம்பரை ஒவ்வொன்றாக அமத்தி, போனைக் காதில் வைத்தார்.