இரண்டு கட்டை இறக்கி வாசித்த ஆர்கன் ஐயாவுக்கு

பத்து விரல்களால் பேசிப் பழகி, வாயால் பேசுவதையே மறந்துபோன பெருந்தகையே! நாற்பத்தொரு ஆண்டுகள் ஆலயத்தில் எங்களுக்கு முதுகை மட்டுமே காட்டி, அந்த முதுகாலேயே எங்களை முறைக்கவும் தெரிந்த முதுபெரும் கலைஞரே! பிரசங்கம் நீளும்போதெல்லாம் மிதிகட்டையில் மெல்லக் கால் வைத்து, ஒரு சிறு முனகலை எழுப்பிப் போதகரைத் தரையிறக்கிய தந்திரசாலியே! எங்கள் ஆருயிர் ஆர்கன் ஐயா அவர்களே! வணக்கம்.

இந்த மடல் தங்கள் பணி ஓய்வு விழாவில், தங்கள் முகத்தைப் பார்த்து வாசிக்கப்பட வேண்டியது. தாங்களோ விழாவுக்கு ஒன்பது நாள் முன்னதாகவே புறப்பட்டுவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை மாலைப் பயிற்சிக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வாழ்நாளில் தாளம் தப்பாதவர் தப்பிய ஒரே இடம் அதுதான்.

அடக்கம் முடிந்ததும் விழாக் குழுச் செயலாளர் தங்கள் துணைவியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நிகழ்ச்சிய ரத்து பண்ணிடலாமாக்கா?"

"எதுக்கு ரத்து? நாப்பது வருஷமா அவர் உங்க யார் மூஞ்சியையாவது பாத்து உக்காந்திருக்காரா? இப்ப மட்டும் மூஞ்சியப் பாத்தாதான் வாசிக்க வருமோ? அவர் பெஞ்சு அங்கதான இருக்கு, அதப் பாத்து வாசிங்க" என்றார் அக்கா, அழுதுகொண்டே.

ஆகவே பெஞ்சைப் பார்த்து வாசிக்கிறோம் ஐயா. பாடகர் குழுவிலேயே வாய் நீளமானவன் என்ற ஒரே தகுதியால், எழுதும் பொறுப்பு தங்கள் முழுநேர ரசிகனான அடியேனிடம் வந்தது.

காலால் மிதித்துக் காற்றடிக்கும் அந்தப் பழைய ஆர்கனைத் தாங்கள் மிதித்த மிதியையெல்லாம் நீட்டிப் போட்டிருந்தால், நிலவுக்கு இருமுறை போய் வந்திருக்கலாம். தாங்களோ ஆலய வாசலைத் தாண்டி எந்த மேடைக்கும் போனதில்லை. முழங்கால் வீங்கிய மாதங்களிலும் முனகாமல் மிதித்தீர்கள். எத்தனையோ மணமக்களை உள்ளே அழைத்து வந்தீர்கள். அவர்களில் பலரை வெளியே அனுப்பும் பாட்டையும் தாங்களே வாசித்தீர்கள். தங்களை அனுப்பிய அன்று மட்டும் பெஞ்சில் வேறொருவர் இருந்தார்.

அடியேன் யாரென்று அறியாதோருக்கு: முப்பத்துநான்கு ஆண்டுகள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன். என் குரலைக் கேட்டுக் கிளம்பிய வண்டிகள் பின்னோக்கி வந்ததுண்டு. ஐந்தாம் நடைமேடை என்று நான் சொல்லிவிட்டால், மூன்றாம் நடைமேடையில் நின்ற வண்டி வெட்கப்பட்டு இடம் மாறும். இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. இரண்டு மூன்று வேண்டுமானால் இருக்கலாம்.

ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தபோது தொண்டையில் கட்டி. கட்டி போனது, கூடவே குரலின் மேல்பாதியும் போனது. மிச்சம் இருந்தது ஜல்லி ஏற்றிய வண்டி மேட்டில் ஏறும் சத்தம். தொலைந்த பொருள்களை வைக்கும் அறையில், குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே என்னை உட்கார வைத்தார்கள். பேசுவதை நிறுத்தினேன். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினேன். "இப்பதான் இந்த வீட்ல நிம்மதி" என்று கிண்டல் செய்த மனைவி, சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். ஆலயத்தில் கடைசி வரிசையில், புத்தகத்தைத் திறந்து வாயை மூடி, ஏழு மாதம் நின்றேன்.

ஆர்கனின் மேல் தாங்கள் மாட்டியிருந்த பழைய பேருந்தின் பக்கக் கண்ணாடி, பின்னால் நிற்கும் எங்களைப் பார்ப்பதற்கு என்று தெரியும். கடைசி வரிசை வரைக்கும் அதில் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

எட்டாவது மாதத்தில் ஒரு ஞாயிறு. பாட்டு தொடங்கியது, உதடு தானாகப் பிரிந்தது, இரண்டாம் அடியில் மேலே ஏறும் இடத்தில் நானும் ஏறினேன். விழவில்லை! குரல் வந்துவிட்டது என்று பேருந்து நிறுத்தம் முழுவதும் சொன்னேன். அடுத்த வாரம் சபை முன் நின்று, கடவுள் என் குரலைத் திருப்பித் தந்தார் என்று பதினைந்து நிமிடம் சாட்சி சொன்னேன். பெரிய பெரிய மருத்துவர்கள் மலைத்துப்போனார்கள் என்றேன். உண்மையில் கட்டியை எடுத்தபின் எந்த மருத்துவரையும் நான் போய்ப் பார்க்கவே இல்லை. தாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். வெளியே வந்து, "எப்படிங்கய்யா என் குரலு?" என்று கேட்டேன். "ம். கேக்குது" என்றீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பிப் பாடகர் குழுவில் சேர்ந்து, பதினோரு ஆண்டுகள் பாடினேன். வீட்டில் வாயும் திரும்ப நீண்டது. மனைவி அதற்கும் தங்களைத்தான் திட்டினாள்.

தங்கள் அடக்க ஆராதனையில், பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருக்கும் நம் டீச்சர் தங்கள் பெஞ்சில் அமர்ந்து, அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். இரண்டாம் அடியில், தங்கள் பெட்டிக்கு மூன்றடி தூரத்தில், என் குரல் உடைந்தது. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் ஞாயிறு ஆராதனையிலும் உடைந்தது.

திங்கட்கிழமை டீச்சர் ஒரு தடித்த நோட்டோடு வீட்டுக்கு வந்தார். "சார், ஐயாவோட அலமாரியில இருந்துச்சு. முந்நூத்துப் பன்னண்டு பாட்டையும் சுருதிய ரெண்டு கட்டை இறக்கி, கையால திரும்ப எழுதி வச்சிருக்காரு. ஓரத்துல எல்லாம் உங்க பேருதான்."

பென்சிலில் தங்கள் கையெழுத்து. 'அறிவிப்பாளர்.' 'அறிவிப்பாளர்.' ஒரு பாட்டின் பக்கத்தில் மட்டும், 'அறிவிப்பாளருக்கு இதுவும் எட்டாது, இன்னும் அரை.'

குழுவின் முதல் வரிசையில் பாடும் தையல்காரம்மாவிடம் ஓடினேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. எல்லாருக்கும் தெரியும். 'அவர்கிட்ட யாராச்சும் மூச்சு விட்டீங்க, அடுத்த வாரத்துலருந்து நான் ஆர்கனத் தொடமாட்டேன்'னு மிரட்டி வச்சிருந்தாரு."

"பதினோரு வருஷமா?"

"நீங்க சாட்சி சொன்ன அன்னிக்கு, சிரிச்சிரக் கூடாதேன்னு நான் பைபிளக் கடிச்சிட்டு நின்னேண்ணே. அட்டைய வேணா பாருங்க."

இரண்டு நாள் தங்கள் மேல் கோபமாக இருந்தேன் ஐயா. மூன்றாம் நாள் வெட்கம். அதற்கப்புறம் வந்ததற்குப் பெயர் தெரியவில்லை. நன்றி சொல்லப் பதினோரு ஆண்டுகள் இருந்தன. எதற்குச் சொல்வது என்பது தெரியாமல், கை குலுக்கிவிட்டு என் பெருமையை நானே பேசிக்கொண்டு வீடு திரும்பினேன்.

விழாவின் கடைசிப் பாட்டை எதைப் பார்த்து வாசிப்பது என்று டீச்சர் கேட்டார். "அச்சுப் புத்தகம்" என்றேன். எனக்காகக் குனிந்து பாடிய குழு இனி நிமிர்ந்து பாடட்டும். நான் பழையபடி வாயை மூடி நிற்கிறேன் என்று முடிவு செய்தேன். நேற்று மாலைப் பயிற்சியில் டீச்சர் அப்படியே வாசித்தார். நான் வாய் திறக்கவில்லை. இரண்டாம் அடியில் தையல்காரம்மா இருமினார். அவர் பின்னால் பாடும் தபால்காரர் பாதியில் நின்றுபோனார். மூன்றாம் அடிக்கு வரும்போது ஆர்கன் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"பதினோரு வருஷம் ஆச்சுண்ணே. எங்களுக்கு மட்டும் வயசாகாதா?" என்றார் தையல்காரம்மா. "அந்த நோட்ட எடு டீச்சர். மொத அடிய இவரே தனியாப் பாடட்டும். அவருக்குன்னு எழுதினதுதான."

நான் மாட்டேன் என்றேன். யாரும் கேட்கவில்லை.

ஐயா! பல்லாண்டு நலமுடன் வாழ்க என்று எழுதி முடிப்பது மடலின் முறை. முதலில் எழுதிய தாளில் அந்த வரி இருந்தது. இந்தத் தாளில் எழுதக் கை வரவில்லை. அந்த ஆயுளையும் அந்த ஆரோக்கியத்தையும் தங்கள் துணைவியாருக்கு, எங்கள் அக்காவுக்கு, முழுதாக வேண்டிக்கொள்கிறோம். சபையார் முன் ஒரு திருத்தமும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்: என் குரல் திரும்பி வரவே இல்லை. அந்தச் சாட்சியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்துவிட்டார். இப்போது எல்லாருக்கும் தெரிந்துபோனபின், முதல் தடவையாகப் பாடப் போகிறேன். இந்தத் தாளைக் கீழே வைத்துவிடுகிறேன். உடைந்தால் உடையட்டும் ஐயா. மற்றவர்கள் இரண்டாம் அடியில் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் முதுகைப் பார்த்தே பாடிப் பழகிய
பாடகர் குழுவினர்

எழுதி வாசித்தவர்: அறிவிப்பாளர்