பிளக்கு என் கையிலதான் இருந்துச்சு

அய்யோ, அங்க உக்காராதீங்க தம்பி, பின்னாடி சோல்டரிங் கம்பி சூடா இருக்குது. இந்த ஸ்டூலப் போட்டுக்குங்க. மைக்க எங்க மாட்டணும்? முந்தானையிலயா? சரி. பேசுனா கேக்குதா? கேக்குதுன்னா சரி, அப்பறம் இன்னா.

நீன்னு கூப்புடவா? வேணாம் தம்பி. நீங்க அக்கான்னு கூப்புட்டுக்குங்க, நான் வாங்க போங்கன்னே சொல்லிக்கறேன். பழகாத ஆள நீ வான்னு சொல்ல வாய் வரல. பழகாத ஆளுன்னும் சொல்ல முடியாது. மூஞ்சிய இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன், ஆனா கொரலு நல்லா தெரியும். கூட்டத்துல நின்னு பேசுனாகூட, இது தேவா தம்பின்னு கண்ண மூடிக்கினு சொல்லிடுவேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

ஆமா, இதுக்கு முன்ன ரெண்டு மூணு பேரு கேமராவத் தூக்கிக்கினு வந்தாங்க. திண்டிவனத்துல புரொஜெக்டர் ரிப்பேர் பண்ற பொம்பளன்னு போடணுமாம். நான் இன்னா கண்காட்சியான்னு அனுப்பி வுட்டுட்டேன். நீங்க போன் பண்ணவொடனே சரின்னேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்குது. கடைசில சொல்றேன். அதுக்குள்ள மைக்க கழட்டிக்கினு ஓடிடாதீங்க.

கடைக்கு வர்றவங்களா? எட்டிப் பாப்பாங்க. மெக்கானிக் இல்லியாம்மான்னு கேப்பாங்க. போயிருக்காரும்பேன். எப்ப வருவாரும்பாங்க. தெரியலியேம்பேன். பொய்யா சொல்றேன்? வெச்சிட்டுப் போவாங்க. மறுநாளு வந்து போட்டுப் பாத்துட்டு, உங்க மெக்கானிக் கைராசிக்காரும்மான்னுவாங்க. சொல்லிடறேன்னுவேன். யாருகிட்டப் போயி சொல்றது, படத்துக்குப் பூ வெக்கிறப்போ சொல்லிக்க வேண்டியதுதான்.

எங்க வூட்டுக்காரு பேரா? வெளிய போர்டுல இருக்குது பாருங்க, அதப் படம் புடிச்சுக்குங்க. நான் சொல்றதில்ல. போர்டப் பாத்துட்டு அவருதான் தொழில் பண்ணாரு, செத்தப்பறம் பொண்டாட்டி எடுத்து நடத்தறான்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க. நீங்களும் அப்பிடித்தான் எழுதிக்கினு வந்திருப்பீங்க. அவருக்கு ஒரு தொழிலும் தெரியாது தம்பி. ஒலக்கூர் பக்கத்துல எங்களுக்குக் கொல்லி நெலம் இருக்குது, மல்லாட்ட போடுவோம், நீங்க வேர்க்கடலம்பீங்களே, அது. ஸ்குரூ டிரைவர எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியும், அவ்ளோதான். ரிப்பேரு கத்துக்கினது நானு. அதுவும் அவரு போனப்பறம்.

ஏன்னா கேக்கறீங்க? வேல செய்யறதக் காட்டணும்னீங்களே, அத மொதல்ல முடிச்சிடலாம். செஞ்சிக்கினே பேசறேன்.

இதோ, இந்த டப்பாவ எடுத்துக்கலாம். பாருங்க, சுவத்துல வெளிச்சம் அடிக்குதா? ஓடுது. இப்ப நிறுத்தறேன். நிறுத்துனவொடனே புடுங்கக் கூடாது, உள்ள லாம்ப்பு அடுப்பு மாதிரி கொதிக்கும், ஃபேன் சுத்தி ஆத்தணும். ம்... நின்னுச்சு. சுவத்து சுவிட்சயும் நிறுத்தியாச்சு. இப்ப பிளக்க நீங்களே புடுங்குங்க. புடுங்கி கையில வெச்சுக்குங்க. கீழ போடாதீங்க, கேமராவுல தெரியற மாதிரி புடிச்சுக்குங்க. ஆங், அப்பிடித்தான்.

இனிமே இன்னாவா? டீ. சிரிப்புக்குச் சொல்லல, இந்தாங்க கிளாசு. பிளக்கப் புடுங்குனா நான் மொதல்ல டீ குடிப்பேன். வர்றவங்க பேஜாராவாங்க. இன்னாம்மா, அவசரம்னு வந்தா டீ குடிச்சிக்கினு உக்காந்திருக்கியேன்னுவாங்க. மகராசன் மாதிரி உக்காருய்யா, அது எறங்கட்டும்னுவேன். எது எறங்கறதும்பாங்க. கரண்டும்பேன். பிளக்கத்தான் புடுங்கிட்டியே, அப்பறம் ஏது கரண்டும்பாங்க.

நீங்களும் அதான கேக்க வந்தீங்க? குடிங்க, சொல்றேன்.

அவரு ஒரு பழைய புரொஜெக்டரு வாங்கிக்கினு வந்தாரு. கல்யாண மண்டபத்துல கழிச்சுப் போட்டது. வூட்டுச் செவுத்துல கிரிக்கெட்டு பாக்கணும்னு ஆச. எங்க பொண்ணு ஆர்த்திக்கும் அவருக்கும் அதான் உலகம். மல்லாட்ட உரிக்கிற காலத்துல வூடு பூரா தூசி பறக்குமில்ல, அது உள்ள போயி அடைச்சிக்கிச்சு. கொஞ்ச நேரம் ஓடும், சூடாயி அணைஞ்சிடும். அன்னிக்கு மேட்ச்சு. பாதில அணைஞ்சிடுச்சு. இவரு பிளக்கப் புடுங்கிட்டு வேஷ்டிய மடிச்சுக் கட்டிக்கினு, செல்போன மல்லாட்ட மூட்ட மேல சாச்சி வெச்சிக்கினு, ஒரு வீடியோவப் பாத்துப் பாத்துக் கழட்டறாரு. நான் கூடத்தப் பெருக்கிக்கினு இருந்தேன். பிளக்க அவரு புடுங்குனத என் கண்ணால பாத்தேன் தம்பி. ஒயரு தரையில கெடந்துச்சு, நான்தான் தொடப்பத்தால ஓரமாத் தள்ளுனேன்.

ஒரு சத்தம். கத்தக்கூட இல்ல, விக்கல் மாதிரி. பாக்கறேன், சாஞ்சிட்டாரு. ஒரு கை உள்ள, ஒரு கை டப்பாவோட தகரத்தப் புடிச்சிக்கினு. கரண்டுன்னு தெரிஞ்சா நீங்க இன்னா பண்ணுவீங்க? பிளக்கப் புடுங்க ஓடுவீங்க. நானும் ஓடுனேன். ஒயரப் புடிச்சி இழுக்கறேன், கையோட வந்துடுச்சு. எதுலயும் சொருகல. பிளக்கக் கையில வெச்சிக்கினு மரம் மாதிரி நிக்கறேன். புடுங்கி வெச்சிருக்குது, அப்பறம் எது அடிச்சுதுன்னு எனக்கே புரியல. அந்த நேரம் பாத்து மாமியா உள்ள வர்றாங்க. அஞ்சம்மாளு. புள்ள கீழ கெடக்கறான், மருமவ பிளக்கோட நிக்கறா.

அவங்க இன்னா நெனப்பாங்க, நீங்களே சொல்லுங்க.

நீங்க இப்பப் புடிச்சிக்கினு இருக்கீங்க பாருங்க, அதே மாதிரிதான். பிளக்கு என் கையிலதான் இருந்துச்சு.

போலீசு விபத்துன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. ஊருக்கு அது பத்தல. புடுங்கி வெச்சதுல எப்பிடிடி கரண்டு வரும், நீ சொருகி வுட்டுட்டு அவன் வுழுந்தப்பறம் புடுங்குனன்னாங்க. வேணும்னு பண்ணான்னு பாதிப் பேரு, பெருக்கறப்போ தெரியாம பண்ணிட்டான்னு பாதிப் பேரு. ரெண்டாவது கட்சிக்காரங்கதான் எனக்கு நல்லவங்க, பாத்துக்குங்க. தெனம் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேள சொருகிட்டனோ? தூக்கத்துல எழுந்து உக்காந்து கையப் பாத்துக்குவேன்.

அதான் தம்பி தொழில் கத்துக்கினேன். பொழைக்கறதுக்கு இல்ல. விழுப்புரத்துல பிரான்சிஸ்னு ஒரு மெக்கானிக்கு, எத்தினியோ கடையில போயிக் கேட்டேன், அந்த மனுசன்தான் நின்னு பதில் சொன்னாரு. ஆஃப் பண்ணி புடுங்குன டப்பா ஆள அடிக்குமாண்ணேன்னு கேட்டேன். ஒரு குண்டு பல்ப எடுத்து ரெண்டு ஒயரு வெச்சுக் காட்டுனாரு. எங்க அந்தப் பல்பு? ம், இதோ. கேமராவக் கிட்ட கொண்டாங்க. நீங்க கிட்ட வராதீங்க. பிளக்கு கையிலதான இருக்குது? காட்டுங்க. நல்லாக் காட்டுங்க.

மூடியக் கழட்டியாச்சு. என் எடது கையப் பாருங்க, இடுப்புல சொருகிக்கினேன். ஒரு கைதான் உள்ள போகணும். ரெண்டும் போச்சுன்னா ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா இன்னொரு கையில எறங்கும். அவருக்கு அப்பிடித்தான் எறங்குச்சு. இப்ப உள்ள இந்தக் குண்டு உருப்படி தெரியுதா, சின்ன டப்பி மாதிரி? இதான் கெப்பாசிட்டரு. இதுங் காலு ரெண்டுலயும் பல்பு ஒயரு ரெண்டயும் வெக்கிறேன், பாருங்க...

எரிஞ்சுதா? பளிச்சுன்னு எரிஞ்சு அணைஞ்சுதா?

பிளக்கு யாரு கையில?

பயந்துட்டீங்களா. எல்லாத்துலயும் இப்பிடி நிக்காது தம்பி. தானா எறங்கறதுக்குன்னு உள்ள ஒரு சின்ன உருப்படி வெச்சிருப்பான். அது நல்லா இருந்தா நீங்க டீ குடிக்கறதுக்குள்ள எறங்கிடும். அது போயிடுச்சுன்னா உள்ளயே நிக்கும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, அதான். அதுக்குத்தான் டீக்கு அப்பறமும் பல்பு, பல்புக்கு அப்பறமும் மீட்டரு. இதுல அந்த உருப்படிய நான் மாத்தவேயில்ல. மாத்துறது அஞ்சு நிமிச வேல. மாத்திட்டா அப்பறம் எத வெச்சுக் காட்டறது?

ஆமா, அவரு கழட்டுன டப்பா இதான்.

பிளக்கக் கீழ போட்டுட்டீங்களே. எடுங்க, பரவால்ல எடுங்க. அது ஒண்ணும் பண்ணாது, பிளக்கு பாவம்.

பிரான்சிஸ் அண்ணன் கடையில அந்தப் பல்பு எரிஞ்சப்போ தரையில உக்காந்து அழுதேன். எங்க வூட்டுக்காரு செத்தன்னிக்குக்கூட அப்பிடி அழுவல. நான் பண்ணலன்னு எனக்குத் தெரிஞ்சுதே, அதுக்கு. பல்ப எடுத்துக்கினு நேரா ஊருக்குத்தான் போனேன். வித்த காட்ட வந்துட்டியாடின்னு மாமியா வாசல்லயே நிறுத்திட்டாங்க. எனக்கு அவங்க நம்பலன்னா போவுது. ஆர்த்தி அவங்ககிட்டதான் இருக்குது. வர மாட்டேன்னுடுச்சு. ஒரு வாட்டி பொங்கலுக்குத் துணி எடுத்துக்கினு போனேன். கூடம் இருட்டா இருந்துச்சு, லைட்டு போடலாம்னு சுவிட்சுகிட்ட கை வெச்சேன். அய்யோ, நீ தொடாத, நீ தொடாதன்னு கத்துச்சு பாருங்க. அம்மான்னுகூட சொல்லல. ஊரு பூரா புரொஜெக்டரு, டிவின்னு என் கையில குடுக்குது, நான் பெத்தது என்ன ஒரு சுவிட்சத் தொட வுட மாட்டேங்குது.

இல்ல, தண்ணி வேணாம். அழுவல. கேமரா ஓடுதில்ல? ஓடட்டும்.

அந்தக் காரணத்தச் சொல்றேன்னேன் இல்ல. ஆர்த்திக்கு உங்க வீடியோன்னா உசுரு. பாட்டியோட செல்போனப் புடுங்கி வெச்சிக்கினு அதத்தான் பாக்குமாம். தேவா அண்ணன் சொன்னா அதுக்கு வேதவாக்கு. அவங்கப்பனுக்கும் அப்பிடித்தான். அப்பல்லாம் உங்களுக்கு இம்மாங் கூட்டம் கெடையாது. செட்டு எதுவும் இல்லாம, வூட்டு மொட்ட மாடியில உக்காந்துக்கினு பேசுவீங்க. பழைய புரொஜெக்டர ஜல்தியா கிளீன் பண்றது எப்பிடின்னு ஒண்ணு போட்டீங்களே, ஞாபகம் இருக்குதா?

இல்லியா. எனக்கு இருக்குது. பிளக்கப் புடுங்கிட்டா போதும் மக்களே, உள்ள ஒண்ணும் இருக்காது, தைரியமா கைய வைங்க. இதான். இதே கொரலு. அவரு வுழுந்து கெடக்கறாரு, நான் பிளக்கோட நிக்கறேன், மாமியா மாருல அடிச்சிக்கறாங்க, மல்லாட்ட மூட்ட மேல போன்ல நீங்க பேசிக்கினே இருக்கீங்க. பாத்தீங்களா மக்களே, எவ்ளோ ஈசின்னு. யாருக்கும் அத நிறுத்தணும்னு தோணல. முழுசா ஓடி முடிஞ்சுது.

ஆஃப் பண்ணிட்டியா கேமராவ? பண்ணு.

எழுந்துக்காத, உக்காரு. திட்டறதுக்கு உன்னக் கூப்புடல. கேசு கீசுன்னு அலையறதுக்கும் இல்ல. நீயும் தெரியாமத்தான் சொல்லியிருப்ப, நானும் தெரியாமத்தான் பிளக்கோட நின்னேன். எனக்கு மட்டும் ஊரு பேரு வெச்சுது, உனக்கு லைக்கு போட்டுது. அத வுடு. அந்த வீடியோ இன்னும் ஓடிக்கினு இருக்குது. கமெண்ட்டுல எவனோ சூப்பர் தலன்னு போட்டிருக்கான்.

நான் ஆயிரம் பல்பு எரிய வெச்சாலும் எம் பொண்ணு நம்பாது. நீ சொன்னா நம்பும். பிளக்கப் புடுங்குனா போதும்னு சொன்னது நான்தான், அது போதாதுன்னு சொல்லு. ஒலக்கூர் பக்கத்துல சீனுவாசன்னு ஒருத்தரு... பாரு, பேரச் சொல்லிட்டேன்... சீனுவாசன்னு ஒருத்தரு அதப் பாத்துட்டுத்தான் கைய வெச்சாரு, அவரு பொண்டாட்டி எதையும் சொருகலன்னு சொல்லு. அவ்ளோதான். மத்தத வெட்டிடு, ஒட்டிடு, உன் இஷ்டம்.

அந்தப் பிளக்க இப்பிடிக் குடு. டீ ஆறிப்போச்சு, அதக் கொட்டிடு, வேற ஊத்தறேன்.

குடி. குடிச்சிட்டு, எப்ப முடியுமோ அப்ப கேமராவப் போடு. எனக்கு அவசரமில்ல. ஆஃப் பண்ணப்பறமும் எறங்கற வரைக்கும் உக்காந்திருக்கறது எனக்குப் பழக்கந்தான்.